வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக்: பொறுப்பாளர் மாறினால் குழு யார் கையில்?

சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட 2017இல், தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இளைஞர் குழுக்கள் கிளம்பின. எங்கள் கண்மாய்க் குழுவும் அப்போது பிறந்ததுதான். முள் வெட்டி முடிந்ததும் பலர் கலைந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கரையில் வேம்பு, புங்கன், நாவல், மருது வைத்தோம், பனங்கொட்டை ஊன்றினோம், பிறகு டிரஸ்டாகப் பதிவு செய்தோம். ஞாயிறு வேலைக்கு வருகிறவர்கள் இன்று 30, 40 பேர். கூப்பிட்டால் வருகிற, பணமோ கன்றோ கொடுக்கிற, தூரத்தில் இருந்து விசாரிக்கிற ஆட்களையும் சேர்த்தால் 600 பேருக்கு மேல்.

இந்த 600 பேரை எங்கே சேர்த்து வைப்பது என்பதில் ஐந்தாறு வருஷம் தடுமாறினோம். ஃபேஸ்புக்கில் இருந்தோம், டெலிகிராமுக்குப் போனோம், 2023இல் வாட்ஸ்அப் கம்யூனிட்டிக்கு, அதாவது பல குழுக்களை ஒரே குடையின் கீழ் வைக்கும் வசதிக்கு, வந்து நிலைத்தோம். சின்ன அமைப்பு நடத்துகிற நண்பர்கள் எதை வைத்துக்கொள்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் வாட்ஸ்அப் பக்கம். ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழி, வாட்ஸ்அப்பில் உள்ள ஒரு பெரிய ஓட்டையின் வழியாகத்தான்.

மூன்றும் இலவசம். மூன்றிலும் தமிழில் எழுதலாம், படமும் குரல் பதிவும் போடலாம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர், டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் என்ற கணக்கெல்லாம் எங்களைப் போன்ற ஊர்க்குழுவுக்குப் பொருட்டே இல்லை.

ஃபேஸ்புக்

முன்பின் தெரியாத ஆள் நம்மைத் தேடி வருகிற வாசல் இது. கண்மாயில் தண்ணீர் பெருகி கலுங்கு வழிந்த படத்தைப் போட்ட அன்று, இந்த ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆனவர்கள் எல்லாம் எழுதினார்கள். அதில் இரண்டு பேர் இன்றும் வருஷா வருஷம் கன்றுகளுக்குப் பணம் அனுப்புகிறார்கள். ரத்ததானம் மாதிரி, யாரென்றே தெரியாதவரை அவசரத்துக்கு எட்ட வேண்டிய வேலைக்கும் இந்தத் திறந்த வெளிதான் பொருத்தம். ரத்தக் கொடையாளர்கள் பதிந்துகொள்ளும் வசதியை ஃபேஸ்புக் 2017 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கியதே அதனால்தான்.

ஆனால் ஆளைச் சேர்ப்பது வேறு, சேர்ந்தவரை ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரவைப்பது வேறு. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் முறையை மாற்றி, நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளை முன்னே கொண்டுவந்து, பக்கங்களின் பதிவுகளைப் பின்னே தள்ளியது. எங்கள் பக்கத்தை 4000 பேர் பின்தொடர்ந்தார்கள். ஞாயிறு அழைப்பு அதில் சில நூறு பேர் கண்ணில் பட்டால் பெரிது. அதையும் பாதிப் பேர் திங்கட்கிழமைதான் பார்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. திறந்த பக்கத்தில் யுபிஐ க்யூஆர் படத்தைப் போடும் முன் யோசியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம், அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத டிரஸ்ட் அதை வாங்கக் கூடாது. இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது அதில் சேராது. இந்த வேறுபாடு தெரியாமல் நாங்கள் ஒரு தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

டெலிகிராம்

வசதிகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால் டெலிகிராம்தான் முதலிடம். புதிதாகச் சேர்கிறவர் குழுவின் பழைய பேச்சு முழுவதையும் மேலே தள்ளிப் படிக்கலாம். மற்றவர்களுக்குத் தன் தொலைபேசி எண் தெரியாமலே இருக்கலாம். படங்களும் கோப்புகளும் அவர்களுடைய சர்வரிலேயே இருப்பதால் போன் தொலைந்தாலும் போகாது. ஒரே குழுவுக்குள் தண்ணீர் ஊற்றுவது, கணக்கு, கன்று வாங்குவது என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், குழுவின் உரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு முறையாக மாற்றிக் கொடுக்கலாம். நான் பெரிதாக நினைக்கிற விஷயம் அதுதான், கீழே வருகிறேன்.

நான்கு மாதம் நடத்தினோம். 200 பேர் வந்தார்கள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களிடம் டெலிகிராம் ஏற்கெனவே இருந்தது டிஎன்பிஎஸ்சி பாடக்குறிப்புகளுக்காக. அங்கே வந்து குவிவது அதிகம் என்பதால் அறிவிப்பு ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள். எங்கள் அழைப்பும் அந்தக் குவியலுக்குள் போயிற்று.

வராமல் போனவர்கள்தான் எங்களுக்கு முக்கியம். கிழக்குக் கரையில் வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். வயது 67. தட்டச்சு செய்ய வராது. விடியற்காலை வயலுக்குப் போகும்போது கரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார். பின்னால் காக்கைச் சத்தம் கேட்கும், மூச்சு வாங்கும். "தம்பி, ஏழாம் நம்பர் கன்னு தலை சாஞ்சு கெடக்கு. ஆடு மேஞ்சிருக்கு போல. கூண்டு ஒண்ணு கொண்டாங்கப்பா." இந்த ஒரு குரல் பதிவுக்கு ஈடாக எங்களிடம் வேறு எதுவும் கிடையாது. டெலிகிராமிலும் குரல் பதிவு உண்டு, ஏற்றியும் கொடுத்தோம். அவர் அதைத் திறக்கவில்லை. அவர் வாட்ஸ்அப்பைத் திறப்பது திருப்பூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் வருவாள் என்பதற்காக. மகளைப் பார்க்கிற இடத்திலேயே நம்மையும் பார்க்கிறார். நமக்காகத் தனியாக ஒரு செயலியைத் திறக்கச் சொல்வது அவரிடம் செல்லவில்லை.

அந்தரங்கம் பற்றி ஒன்று. வாட்ஸ்அப் குழுப் பேச்சு இருமுனைக்கும் இடையே பூட்டப்பட்டது, குழுவில் இருப்பவர்கள் தவிர அந்த நிறுவனமே கூடப் படிக்க முடியாது. டெலிகிராம் குழுக்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. மரம் வளர்க்கும் எங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு வேலை செய்கிற அமைப்பு என்றால் இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும்.

வாட்ஸ்அப், அதன் ஓட்டை

எங்கள் முதல் வாட்ஸ்அப் குழு 2017இலேயே தொடங்கியது. அப்போது ஒரு குழுவுக்கு 256 பேர்தான். குழு 1, குழு 2, குழு 3 என்று பெருகியது. மூன்றுக்கும் ஒரே ஒருங்கிணைப்பாளர், அவர் மட்டும்தான் அட்மின். நான்கு வருஷம் அசராமல் உழைத்தார். எந்தக் கன்று எப்போது நட்டது, எது பட்டுப்போனது, யார் பொறுப்பு என்பதெல்லாம் அவர் போனில்தான் இருந்தது. 2021இல் ஓசூரில் வேலை கிடைத்தது. ஒரு நாள் மூன்று குழுக்களிலிருந்தும் விலகினார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அத்தனை வருஷம் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைத்தது எங்கள் எல்லாருடைய தவறு.

ஒரே அட்மின் விலகினால் வாட்ஸ்அப் குழுவில் உள்ள யாரோ ஒருவரைத் தானே அட்மின் ஆக்கிவிடும். குழு 2க்கு அப்படி அட்மின் ஆனவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதோ ஒரு முகாமுக்கு வந்தவர், படம் இல்லை, பெயர் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. கூப்பிட்டால் எடுக்கவில்லை. மூன்று நாள் அந்தக் குழுவில் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. அதே வருஷம் ஃபேஸ்புக் பக்கமும் போயிற்று. அதைத் தொடங்கிய மாணவியின் சொந்தக் கணக்கு முடங்கியது, வேறு யாருக்கும் நாங்கள் பொறுப்புக் கொடுத்து வைக்கவில்லை. 4000 பேரோடு அந்தப் பக்கம் இன்றும் அப்படியே நிற்கிறது. வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். படிப்பு முடியும், கல்யாணம் ஆகும், வெளியூர் போவார்கள். சம்பளம் இல்லாத வேலையில் ஒருவர் மூன்று வருஷம் நிற்பதே பெரிய விஷயம். அப்படியானால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நடத்துகிறவர் நாளைக்கே போய்விட்டால் சாவி யாரிடம் இருக்கும் என்பது. இந்தக் கேள்விக்கு டெலிகிராமில் பதில் தயாராக இருக்கிறது. ஃபேஸ்புக்கில் இரண்டு மூன்று பேரை நிர்வாகிகளாக வைத்தால் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாமேதான் பதிலை உண்டாக்க வேண்டும்.

2023இல் நாங்கள் உண்டாக்கியது இதுதான். டிரஸ்டுக்கென்று தனியாக ஒரு சிம், ஒரு பழைய போன். கம்யூனிட்டியைத் தொடங்கியது அந்த எண். அதன் கீழ் வரும் நான்கு குழுக்களிலும் அந்த எண்ணோடு இன்னும் இரண்டு பேர் அட்மின். ஒரு எண்ணை நான்கு கருவிகளில் கூடுதலாக இணைக்கலாம் என்பதால் செயலாளரும் பொருளாளரும் தங்கள் போனிலிருந்தே டிரஸ்ட் எண்ணில் பேசுகிறார்கள். 14 நாள் மூல போனைத் திறக்காமல் விட்டால் இணைப்புகள் அறுந்துவிடும், அதனால் ஞாயிறுதோறும் வேலை தொடங்கும் முன் அந்த போனைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. இருபடிச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண் (வேறு போனில் கணக்கைத் திறக்க வாட்ஸ்அப் கேட்கும் ரகசிய எண்), கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பேக்கப் டிரஸ்டின் கூகுள் கணக்குக்குப் போகிறது. அது இப்போது கூகுள் தரும் இலவச 15 ஜிபி இடத்துக்குள் சேர்வதால் வீடியோவை அதில் சேர்ப்பதில்லை.

ரீசார்ஜ் செய்வது ஒருவருடைய நிரந்தரப் பொறுப்பு. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 90 நாள் பயன்பாடே இல்லாத சிம்மை நிறுவனம் முடக்கிவிடலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். 600 பேர் இருக்கும் கம்யூனிட்டியின் சாவி முன்பின் தெரியாதவர் கையில் சேர்ந்தால் என்ன ஆகும்? அலுவலகமும் லேண்ட்லைனும் உள்ள அமைப்புகளுக்கு இன்னொரு வழி உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை லேண்ட்லைன் எண்ணிலேயே தொடங்கலாம், சரிபார்ப்பு எண் குரல் அழைப்பில் வரும். எங்களுக்கு அலுவலகம் என்பதே கரை மேல் உள்ள அரச மரத்தடிதான், அதனால் சிம்.

கம்யூனிட்டிக்கு மாறியதில் இன்னொரு நிம்மதியும் கிடைத்தது. பழைய பெரிய குழுவிலிருந்து எண்ணை எடுத்து, ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு யாரோ இரவில் தொடர்ந்து செய்தி அனுப்பினார்கள். அவர் வெளியேறினார், கூடவே அவர் தோழிகள் இருவரும். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம், உறுப்பினர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. 600 பேரும் அதில் இருக்கிறார்கள். எண் தெரியும் சின்னக் குழுக்களில் நேரில் வந்து வேலை செய்தவர்கள் மட்டும். அந்த மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் நாங்கள் வைக்காதது பதிவேடு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், உதவி கிடைத்து முடிந்த பிறகும் "மொட்டை மாடியில் தவிக்கிறார்கள்" என்ற செய்தி நாள்கணக்கில் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். கூகுள் ஷீட்டில் வரிசையாக எழுதி, முடிந்ததை முடிந்தது என்று குறித்த தன்னார்வலர்கள்தான் அந்தக் குழப்பத்தை ஓரளவு சமாளித்தார்கள். அனுப்பிய செய்தி அப்படியே உறைந்து நிற்கும், ஷீட்டின் வரி மாறும். எங்கள் ஷீட்டில் ஐந்தே பத்தி: கன்றின் எண், இனம், நட்ட தேதி, பொறுப்பாளர், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய நாள். பெரியவர் குரல் பதிவில் ஏழாம் நம்பர் என்று சொன்னதும் யாராவது ஒருவர் ஷீட்டில் ஏழாவது வரியைத் திறப்பார். இதுவும் டிரஸ்ட் மின்னஞ்சல் கணக்கில்தான் இருக்கிறது.

இதுவரை ஒரே ஒரு முறைதான் கைமாற்றம் நடந்திருக்கிறது. போன வருஷம் செயலாளர் மாறினார். மரத்தடியில் உட்கார்ந்து, அவர் போனில் இணைப்பை நீக்கி, புதியவர் போனில் இணைத்து, நோட்டில் ஆறு இலக்க எண்ணை மாற்றி எழுதி முடிக்கப் பத்து நிமிஷம். ஒரு குழுவிலும் யாருக்கும் மாற்றம் தெரியவில்லை. ஒரே அனுபவத்தை வைத்து இது எப்போதும் இப்படியே நடக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மனத்தாங்கலோடு ஒருவர் பிரியும்போது இதே ஏற்பாடு தாங்குமா என்பதையும் நாங்கள் பார்க்கவில்லை. 2000, 3000 பேர் உள்ள அமைப்புக்கு இது போதுமா என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை. பல மாவட்டங்களில் படித்த இளைஞர்களை மட்டுமே வைத்து நடக்கும் அமைப்பு என்றால், நானே டெலிகிராமைத்தான் சொல்வேன்.

இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கல்லூரிப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். பனங்கொட்டை முளைத்து முதல் குருத்து விட்ட வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் கரைக்கு வருவார்கள் என்பது இந்த மழைக்காலத்தில் தெரியும். கணக்கைத் தொடங்கிய அன்று பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டோம்: சொந்த மின்னஞ்சல் வேண்டாம், டிரஸ்ட் மின்னஞ்சலைப் போடுங்கள். கடவுச்சொல் அதே நோட்டில், ஆறு இலக்க எண்ணுக்குக் கீழே இருக்கிறது.