2.8.0 வரும்வரை காத்திருக்கவும்

மாடியில் சோலார் போடலாமா என்று நண்பர் கேட்ட அன்றுதான், நான் மின்வலைக்கு அனுப்பிய யூனிட்டுகளைக் கழிக்காமலேயே எனக்கு மின் கட்டண ரசீது வந்து சேர்ந்தது. நான்கு வருடத்தில் இது மூன்றாவது முறை. இந்த எழுத்தில் கொஞ்சம் சூடு இருந்தால் காரணம் அதுதான்.

பேனல்கள் மேல் குறையில்லை. அவ்வப்போது தண்ணீர் ஊற்றித் தூசி துடைத்ததோடு சரி. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் ஒருமுறை பழுதாகி, உத்தரவாதத்திலேயே சரியாகி வந்தது. என் தொல்லையெல்லாம் சுவரில் இருக்கும் இருவழி மீட்டரோடுதான்.

அதன் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். 1.8.0 என்ற குறியோடு வருவது நாம் வாங்கிய மொத்த யூனிட். 2.8.0 என்றால் நாம் வெளியே அனுப்பியது. ஒரு நொடி வேறு பக்கம் திரும்பினால் போயிற்று, அடுத்த சுற்றுவரை நிற்க வேண்டும். கணக்கெடுக்க வந்தவர் நிற்கவில்லை. 1.8.0-ஐ மட்டும் குறித்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

போன மாதக் கணக்கைச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தி 410 யூனிட். மீட்டரில் ஏறிய ஏற்றுமதி 270தான். மீதி 140 எங்கே என்று முதல் வருடம் நானும் சண்டைக்குப் போயிருக்கிறேன். எங்கும் போகவில்லை, பகலில் ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் நேரடியாகத் தின்றுவிட்டன. மீட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. இரவில் நான் வாங்கியது 230. ஆக, 40 யூனிட் என் வரவில் நிற்க வேண்டும், நிலைக்கட்டணம் மட்டும் வர வேண்டும். வந்ததோ 230க்கும் முழுத் தொகை!

அந்த வரவும் நிரந்தரமல்ல. கணக்காண்டு முடிவில் சில இடங்களில் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் அப்படியே காலாவதியாகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள். மின்தடை வந்தால் உச்சி வெயிலிலும் இன்வெர்ட்டர் நின்றுவிடும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கம்பத்தில் வேலை செய்பவர் மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அது. அதில் எனக்கு வருத்தமில்லை, பேட்டரி வைக்காதது என் கஞ்சத்தனம்.

இப்போதெல்லாம் கணக்கெடுக்கும் நாளில் திரையின் முழுச் சுற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதைக் காட்டித்தான் இந்த முறையும் ரசீதைத் திருத்த வைத்தேன், அரைநாள் விடுப்புப் போட்டு.

கட்டணம் பழையதில் கால்வாசிகூட வருவதில்லை, உண்மைதான். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சொன்னேன். நண்பர் நேற்றே முன்பணம் கட்டிவிட்டாராம், 2.8.0 எப்படி இருக்கும் என்று பார்க்க மாலையில் வீட்டுக்கு வருகிறார்.