கெர்ரி, ஸ்கெல்லிக் ட்ரிப்புக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி இதை முழுசா படிங்க

அயர்லாந்துல கார்க், லிமரிக், டப்ளின்ல படிக்கற நம்ம பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும் இது. மே மாசம் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போஸ்டர் சுத்த ஆரம்பிச்சிடும், வீக்கெண்ட் கெர்ரி ட்ரிப், ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு, கடல் பார்த்த ஹாஸ்டல், வேன், எல்லாம் சேர்த்து ஒரே ரேட்னு. தயவு செஞ்சு அதைப் பார்த்ததும் காசு அனுப்பிடாதீங்க. நாங்க கார்க்ல இருந்து போனோம், எல்லாரும் மாஸ்டர்ஸ் ஸ்டூடண்ட்ஸ், பாதிப் பேர் கிளாஸ் முடிஞ்சு ரெஸ்டாரன்ட் கிச்சன்லயும் சூப்பர்மார்க்கெட்லயும் நின்னு சம்பாதிச்ச காசு, ஆளுக்கு 185 யூரோ போயிடுச்சு. ட்ரிப் போட்ட ஆளோட பேரை இங்க எழுதல, புகார் நடந்துட்டு இருக்கு, ஆனா அவர் எப்படி வித்தாருன்னு அப்படியே சொல்றேன், ஏன்னா அதே மாதிரி விக்கறவங்க இன்னும் சில பேர் இருக்காங்கன்னு இப்ப கேள்விப்படறேன்.

முதல்ல ஸ்கெல்லிக் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, இது தெரிஞ்சா ஏமாத்து எங்க நடக்குதுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். கெர்ரி கடற்கரையில ஐவராக் தீபகற்பத்துக்கு வெளிய, கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்ல நிக்கற ஒரு பாறைத் தீவு, 218 மீட்டர் உயரம். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி அங்க துறவிங்க போய் தங்கி, சாந்தே இல்லாம கல்லு மேல கல்லு அடுக்கி தேன்கூடு வடிவத்துல குடிசை கட்டியிருக்காங்க, அது இன்னைக்கும் ஒழுகாம நிக்குது. அவங்க வெட்டி வச்ச 618 படி ஏறினாத் தான் அந்த இடத்துக்குப் போக முடியும். 1996ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்த்தாங்க. அதனால யாரு வேணா படகு ஓட்டிட்டுப் போய் இறக்கி விட முடியாது. அயர்லாந்து அரசோட ஓபிடபிள்யூங்கற துறை 15 படகுக்குத் தான் இறக்கி விடற பர்மிட் குடுக்குது, படகுக்கு 12 பேர், ஆக ஒரு நாளைக்கு 180 பேர். மே நடுவுல இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் தான் சீசன், அதுலயும் அலை பெருசா இருந்தா படகு கிளம்பாது.

இப்ப முக்கியமான விஷயம். அங்க ரெண்டு வகை டூர் இருக்கு. ஒண்ணு லேண்டிங் டூர், தீவுல இறங்கி படி ஏறி ரெண்டரை மணி நேரம் கிட்ட இருந்துட்டு வரலாம். இன்னொண்ணு ஈகோ டூர், படகு தீவை சுத்தி வரும், யாரும் இறங்க முடியாது. லேண்டிங் டிக்கெட் ஒண்ணே 100 யூரோவுக்கு மேல, அதுவும் பல மாசம் முன்னாடியே வித்துத் தீர்ந்துடும். ஈகோ டூர் அதுல பாதி விலை கிட்ட வரும், சீட்டும் சுலபமா கிடைக்கும். எங்களுக்கு வித்தது லேண்டிங், வாங்கி வச்சிருந்தது ஈகோ. மொத்த ஏமாத்தும் இந்த ஒரு இடத்துல தான்.

அந்த ஆளு நம்ம ஊர்க்காரர் தான், சில வருஷமா இங்க இருக்கறவர். போன்ல பேசும்போது அவ்ளோ அன்பா பேசுவார், "தம்பி, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க, நம்ம பசங்கள நான் அப்படி விட்டுடுவேனா"ன்னு. எங்க கூட வந்த ஒரு பொண்ணு தெளிவா கேட்டா, "அண்ணா, தீவுல இறங்கி அந்த படி ஏறலாம்ல?"ன்னு. "ஏறாம எப்படிம்மா, அதுக்குத் தானே போறதே"ன்னார். இது வாய்ஸ் மெசேஜ்ல இருக்கு, பத்திரமா வச்சிருக்கோம். காசை ரெவலூட்ங்கற பணம் அனுப்பற ஆப்ல ஃப்ரெண்டுக்கு அனுப்பற மாதிரி அனுப்பச் சொன்னார், நோட்ல ட்ரிப்னு போடாதீங்க, டின்னர்னு போடுங்க, இல்லன்னா எனக்கு டாக்ஸ் பிரச்சனை வரும்னார். ரசீது கேட்டதுக்கு குரூப்ல பேர் எழுதி பக்கத்துல ஒரு டிக் போட்டுட்டார், அவ்ளோ தான் ரசீது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்ப வேண்டிய வேன் ராத்திரி ஆகித் தான் வந்துச்சு. டிரைவர் அவரோட ஃப்ரெண்டு, வண்டி வாடகை வண்டி, ஆள் ஏத்தி காசு வாங்கறதுக்கான லைசென்ஸ் எதுவும் கிடையாது. மக்ரூம், கில்லார்னி, கில்லோர்க்ளின் தாண்டி கேர்சிவீன் வரும்போது ஊரே அடங்கிடுச்சு, அந்த ரோடு ராத்திரியில எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் கடல், வெளக்கே கிடையாது, டிரைவர் தூக்கக் கலக்கத்துல ஓட்டிட்டு இருந்தாரு, நாங்க மாத்தி மாத்தி பேச்சு குடுத்துக்கிட்டே வந்தோம். போர்ட்மகீல கடலைப் பார்த்த ஹாஸ்டல்னு சொன்னது கடைசியில ஒரு விவசாயி வயல்ல நிறுத்தி வச்சிருந்த பழைய மொபைல் ஹோம். ஹீட்டர் இல்ல, பெட்ஷீட் ஈரம், இருக்கற படுக்கையை விட ஆளுங்க அதிகம். காலையில அந்த இடத்துக்காரம்மா வந்து மிச்சக் காசு எங்கன்னு எங்க கிட்ட கேட்டாங்க, அட்வான்ஸ் மட்டும் தான் வந்திருக்காம். அவங்க மேல தப்பே இல்ல, அவங்களையும் தான் ஏமாத்தியிருக்காரு. எல்லாரும் சேர்ந்து குடுத்துட்டு கிளம்பினோம்.

சனிக்கிழமை காலையில போர்ட்மகீ படகுத்துறை. அழகான சின்ன ஊர், ஒரே வரிசையில கலர் கலரா வீடு, எதிர்ல வாலென்ஷியா தீவுக்குப் போற பாலம், தண்ணி அசையாம கிடந்துச்சு. எங்க கண்ணு முன்னாடியே லேண்டிங் படகுங்க ஒண்ணொண்ணா ஆள் ஏத்திட்டு கிளம்பிட்டு இருந்துச்சு. எங்க படகு எதுன்னு கேட்டு போன் பண்ணா அந்த ஆளு மதியத்துக்கு மேல தான்மா உங்க படகுன்னார். சந்தேகம் வந்து அங்க இருந்த படகுக்காரர் கிட்டயே போய் புக்கிங்கைக் காட்டச் சொன்னோம். அவர் லிஸ்டை எடுத்துப் பார்த்துட்டு ரொம்ப பொறுமையா சொன்னார், உங்க பேர் இருக்கு, ஆனா இது சுத்திப் பார்க்கற டூர், என் படகுக்கு தீவுல இறக்கற பர்மிட்டே கிடையாதுன்னு. யாரு புக் பண்ணாங்களோ அவங்க இதைத் தெரிஞ்சு தான் பண்ணியிருக்காங்கன்னும் சொன்னார், புக்கிங் பண்ணும்போதே அது தெளிவா வருமாம்.

உடனே போன் போட்டோம். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா, "வெதர் சரியில்லம்மா, கவர்மெண்ட்டே லேண்டிங்கை கேன்சல் பண்ணிடுச்சு, என் கையில என்ன இருக்கு." அப்ப பன்னெண்டு பேரோட ஒரு படகு எங்க பக்கத்துல கயிறு அவுத்துட்டு இருக்கு. அதை வீடியோ எடுத்து அனுப்பினதுக்கு அப்புறம் போன் எடுக்கல. இந்த வெதர் சாக்கை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. நிஜமாவே வெதரால கேன்சல் ஆகறது அங்க ரொம்ப சகஜம், கரையில அலையே இல்லன்னாலும் தீவுல பிளைண்ட் மேன்ஸ் கோவ்ங்கற இறங்குற இடத்துல கடல் ஏறி இறங்கினா படகை பாறையை ஒட்டி நிறுத்த முடியாது, அதனால தான் இந்தப் பொய் சுலபமா விலை போகுது. ஆனா அன்னைக்கு லேண்டிங் நடந்துச்சா இல்லையான்னு துறையில நிக்கற எந்தப் படகுக்காரரைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அந்த ஈகோ டூர் மோசம்னு நான் சொல்ல மாட்டேன், படகுக்காரர் மேல ஒரு குறையும் இல்ல, அவர் வித்ததை அவர் ஒழுங்கா குடுத்தார். லிட்டில் ஸ்கெல்லிக்னு பக்கத்துல இன்னொரு பாறை, பத்தாயிரக்கணக்குல கேனட் பறவைங்க, தூரத்துல இருந்து பார்க்க பாறை மேல பனி விழுந்த மாதிரி வெள்ளையா இருக்கு, கிட்ட போனா அந்த சத்தமும் வாடையும் வாழ்க்கையில மறக்காது. பஃபின் பறவைங்க தண்ணி மேல மிதந்துட்டு இருந்துச்சு. ஆனா பெரிய ஸ்கெல்லிக் அடியில படகை மெதுவாக்கி நிறுத்தினப்ப மேல படியில மனுஷங்க எறும்பு மாதிரி ஏறிட்டு இருந்தாங்க, எங்க கூட வந்த பொண்ணு ஆர்க்கிடெக்சர் படிச்சவ, அந்தக் கல்லுக் குடிசையைப் பார்க்கணும்னே கோர்ஸ் முடிஞ்சு இந்தியா திரும்பறதுக்கு முன்னாடி இந்த ட்ரிப்புக்கு காசு சேர்த்தவ, அவ எதுவுமே பேசல. எனக்கு அந்த ஆள் மேல வந்த கோவம் காசுக்காக மட்டும் இல்ல. அவளுக்கு அடுத்த சீசன் இங்க கிடையாது.

இதோட முடியல. ஞாயிறு வாலென்ஷியா சுத்திக் காட்டி சாயங்காலம் கார்க் கொண்டு விடணும், டிரைவர் சனிக்கிழமை ராத்திரியே எனக்கு காலையில ஷிஃப்ட் இருக்குன்னு கிளம்பிட்டார். ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் பஸ் ரொம்பக் குறைவு, டாக்ஸி பிடிச்சு கில்லார்னி வந்து அங்க இருந்து பஸ் ஏறி கார்க் வந்தோம், அந்த செலவும் எங்க தலையில.

திரும்பி வந்து காசு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் தான் எல்லாரும் கவனிக்க வேண்டியது. நான் கம்பெனி கிடையாது தம்பி, ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து போனோம், செலவைப் பிரிச்சுக்கிட்டோம், நீங்களே டின்னர்னு தானே அனுப்பியிருக்கீங்கன்னார். அந்த நோட் எதுக்குன்னு அப்ப தான் எல்லாருக்கும் வெளங்குச்சு. லாபத்துக்கு திரும்பத் திரும்ப ட்ரிப் போட்டு விக்கறவர் வியாபாரி தான், ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கிட்டா சட்டம் மாறிடாது. அவரோட பழைய போஸ்டர் எல்லாம் குரூப்ல தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கோம், தேதியோட, ரேட்டோட.

அயர்லாந்துல 2022ல வந்த கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி ஒரு சர்வீஸை என்ன சொல்லி வித்தாங்களோ அதைக் குடுக்கணும். வண்டி, தங்கற இடம் ரெண்டையும் ஒரே ரேட்ல சேர்த்து வித்தா அது பேக்கேஜ், நடுவுல எது சொதப்பினாலும் வித்தவர் தான் பொறுப்பு. சிசிபிசின்னு நுகர்வோர் ஆணையம் இருக்கு, அவங்க உங்களுக்காக சண்டை போட மாட்டாங்க, ஆனா என்ன பண்ணணும்னு தெளிவா சொல்லுவாங்க. முதல்ல எழுத்துல காசு கேக்கணும், தேதி குறிச்சு. குடுக்கலன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ்னு சின்னத் தொகைக்கான வழக்கு இருக்கு, கோர்ட் சர்வீஸ் சைட்லயே போடலாம், 25 யூரோ ஃபீஸ், 2,000 யூரோ வரைக்கும் கேக்கலாம், வக்கீல் தேவையில்ல. சிலர் ஃபெர்ரி கேன்சல் ஆனா ரீஃபண்ட்னு யூரோப்பியன் யூனியன் ரூலைக் காட்டுங்கன்னு சொன்னாங்க, அது சுத்திப் பார்க்கற டூர் படகுக்கு வராது, அதை வச்சு நேரத்தை வீணாக்காதீங்க. பின்னாடி ஸ்டாம்ப் ஃபோர்ங்கற இங்க தங்கி வேலை பார்க்கற அனுமதிக்கு பிரச்சனை ஆகுமோ, விசா ரெனியூவல்ல ஏதாவது வருமோன்னு எங்கள்லயே ரெண்டு பேர் பயந்தாங்க. கன்ஸ்யூமரா காசு திருப்பிக் கேக்கறது உங்க உரிமை, அந்த ஆளு அந்த பயத்தை நம்பித் தான் வியாபாரமே பண்றார்.

ஸ்கெல்லிக் போகணும்னா போங்க, கண்டிப்பா போங்க, ஆனா படகை நேரா நீங்களே புக் பண்ணுங்க. பர்மிட் வாங்கின படகுங்க லிஸ்ட் ஹெரிடேஜ் அயர்லாந்து சைட்ல இருக்கும். யாராவது ட்ரிப் வித்தா படகு பேர் என்ன, லேண்டிங்னு புக்கிங்ல எழுதியிருக்கா, அந்த கன்ஃபர்மேஷனைக் காட்டுங்கன்னு கேளுங்க, நிஜமா வாங்கியிருந்தா காட்ட அஞ்சு நிமிஷம் ஆகாது. ஜூலை மாசம் அடுத்த வாரத்துக்கு மொத்த குரூப்புக்கும் லேண்டிங் இருக்குன்னு சொன்னா ரெண்டு தடவை யோசிங்க, யாராவது கேன்சல் பண்ணி ஒண்ணு ரெண்டு சீட் வரும், எட்டு பத்து வராது. காசு கார்டுல கட்டுங்க, அப்ப தான் பேங்க்ல சார்ஜ்பேக் கேக்க வழி இருக்கும், ஃப்ரெண்டுக்கு அனுப்பின காசை திருப்பி வாங்கறது ரொம்ப கஷ்டம். டாக்ஸின்னு சொல்லி யாராவது வந்தா நம்பர் போட்டு பார்க்க டிரைவர் செக்னு ஆப் இருக்கு. லைசென்ஸ் இல்லாத வண்டியில அந்த ராத்திரி ஏதாவது ஆகியிருந்தா இன்சூரன்ஸ் கையை விரிச்சிருக்கலாம், அதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

லேண்டிங் கிடைக்கலன்னா வாலென்ஷியாவே போதும் ஒரு வீக்கெண்டுக்கு. ப்ரே ஹெட் மேல நடந்தா ரெண்டு ஸ்கெல்லிக்கும் கடல்ல தெரியும். 35 கோடி வருஷத்துக்கும் முன்னாடி தண்ணியில இருந்து கரையேறின ஒரு நாலு கால் பிராணியோட கால்தடம் அங்க பாறையில பதிஞ்சு கிடக்கு, அதைக் கண்டுபிடிச்சதே ஒரு ஜியாலஜி ஸ்டூடண்ட் தான். 1866ல அமெரிக்காவுக்கு கடலுக்கடியில தந்தி கேபிள் போட்டதும் இந்தத் தீவுல இருந்து தான். கார்க்ல இருந்து ட்ரெயின்ல மாலோ மாறி கில்லார்னி வரைக்கும் வரலாம், அங்க இருந்து கேர்சிவீனுக்கு பஸ் இருக்கு, நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க.

அதே ஆளு ஆகஸ்ட் ட்ரிப்புக்கு இப்ப போஸ்டர் போட்டிருக்கார், ரேட் இந்த தடவை பத்து யூரோ கம்மி. ஏற்கனவே காசு அனுப்பினவங்க இன்னைக்கே படகு கன்ஃபர்மேஷன் கேளுங்க, வாய்ஸ் மெசேஜை டெலீட் பண்ணாதீங்க, நோட்ல டின்னர்னு போட்டிருந்தா ட்ரிப் காசு தான்னு அவர் ஒத்துக்கற மாதிரி ஒரு மெசேஜ் இப்பவே வாங்கி வச்சுக்கோங்க. எங்க ஸ்மால் கிளெய்ம்ஸ் ஃபார்ம் எப்படி நிரப்பினோம்னு வேணும்னா கேளுங்க, அனுப்பறேன்.