கிராம சபையில் பேச: தாளா, மனப்பாடமா, குறிப்புச் சீட்டா?

காட்பாடிப் பக்கம் மகளிர் குழுப் பெண்களுக்குக் கிராம சபையில் பேசப் பழக்கி வருகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் 6 வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் முதலில் வரும் கேள்வி, "எழுதி வெச்சிப் படிச்சா போதாதாக்கா?"

போதாது. ஆனாலும் தாளை ஒதுக்கவும் முடியாது. மனு கொடுத்த தேதி, தண்ணீர் வராத வீடுகளின் கணக்கு இதெல்லாம் தாளில் இருக்கத்தான் வேண்டும். ஒரு எண் தவறினால் போதும், அதையே பிடித்துக்கொண்டு மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிடுவார்கள். இணங்க வைக்கும் பேச்சுக்கு அரிஸ்டாட்டில் சொன்னவை மூன்று: பேசுபவர் மேல் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சிலுள்ள நியாயம். தாள் நியாயத்தைத் தாங்கும். மற்ற இரண்டும் கண்ணிலும் குரலிலும்தான் இருக்கின்றன. கண் தாளிலேயே கிடந்தால் எதிரில் இருப்பவர் பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்தது கூடத் தெரியாது.

மனப்பாடம் இதைவிட ஆபத்து. போன மார்ச் சபைக்குப் பீடி சுற்றும் தங்கை ஒருத்தி நாலு நாள் உருப்போட்டு வந்தாள். நடுவில் மைக் 'கீய்' என்று அலறியது. "ஆகையால்..." என்று நின்றாள். மறுபடி "அனைவருக்கும் வணக்கம்" என்று முதலிலிருந்து தொடங்கி, அதே "ஆகையால்" வந்ததும் திரும்பவும் நின்று, உட்கார்ந்துவிட்டாள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மிச்சமும் போய்விடுகிறது. வெளியே புங்கமரத்தடியில் என்னிடம் தடங்கலே இல்லாமல் சொன்னாள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து குடம் வெக்கிறேன்க்கா. பத்தாவது படிக்கிற புள்ள, தூக்கம் கெட்டு கூட வந்து தூக்குது." மைக்கில் சொல்ல வேண்டியது இதுதான்!

நினைவூட்ட நாலைந்து சொல் மட்டும் எழுதிய குறிப்புச் சீட்டின் அருமை தெரிய நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போனால் போதும். பகலில் பாரதம் சொல்பவருக்கு வில்லிபாரதப் பாட்டு நெஞ்சில் இருக்கும். அந்தப் பாட்டுதான் அவருக்குச் சீட்டு மாதிரி; அது முடிந்ததும் வரும் விளக்கம் அவருடைய சொந்தப் பேச்சு. வெயிலில் கூட்டம் தளர்ந்தால் சுருக்குவார். துகில் உரியும் இடத்தில் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தால் அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் சொல்வார். முகம் பார்த்துப் பேசுகிறவருக்குத்தான் அது முடியும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய உரையோடுதான் தொடங்கினார். 'எனக்கொரு கனவு உண்டு' என்று அவர் சொன்ன பகுதி அந்தத் தாளில் இல்லை. முன்பே சில மேடைகளில் பேசிப் பழகியிருந்ததால் தாளை விட்டு வர முடிந்தது.

ஆகவே என் கட்சி சீட்டுதான். முதல் வரியும் கடைசிக் கோரிக்கையும் மட்டும் மனப்பாடம், எண்கள் சீட்டில், நடுவில் உள்ளது வீட்டில் பேசுகிற பேச்சு. வீட்டில் நாலு பேர் முன்னால் சத்தமாக இரண்டு முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

மே 1 அன்று அதே தங்கை உள்ளங்கை அகலச் சீட்டோடு வந்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ரெண்டு மணி. குடம். 43 வீடு. 3 மனு. தீர்மானம்.' பேசி முடித்தும் அவள் உட்காரவில்லை. "தீர்மானமா எழுதுங்க சார்" என்று, நோட்டில் எழுதி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.