அப்பத்தாவும் ஒரு ரெக்கார்டரும்: மூன்று வருடத்தில் கண்டது

அப்பத்தாவின் கதையைப் பதியத் தொடங்கி மூன்று வருடமாகிறது. போன் ஆப், ரெக்கார்டர், குரல் தட்டச்சு, அச்சகம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. யாங்கோனில் (பர்மாவின் பழைய ரங்கூன்) இருந்துகொண்டு இதே வேலையில் இறங்குபவர்களுக்கு, எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனில் பதிந்தேன். நல்ல கட்டத்தில் யாராவது கூப்பிடுவார்கள், பதிவு நின்றுவிடும். போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும் என்பது நான்காம் நாள்தான் உறைத்தது. ஆனால் போனை முடக்கியது கரண்ட்தான். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது; வந்தாலும் தண்ணீர் மோட்டாருக்குத்தான் முதல் மரியாதை. அப்புறம் பென்சில் பேட்டரி போடுகிற ரெக்கார்டர் ஒன்றைப் பழசாக வாங்கினேன். இந்தப் பயணத்தில் நான் வருத்தப்படாத ஒரே செலவு அதுதான். அதில் ஒரே சேனலில், சுருக்காத வாவ் கோப்பாகப் பதிந்தால் மணிக்குச் சுமார் 300 எம்பி பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு, வைபர் செய்தி ஆப்பில் அனுப்ப 30 எம்பிக்குள் ஒரு எம்பி3 செய்துகொள்கிறேன்.

சத்தம் தனிக்கதை. இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை உண்டு, கூவி விற்பவர்களுக்கு இல்லை. காக்கைக்கும் இல்லை. மின்விசிறியை நிறுத்தி, ரெக்கார்டரை மடித்த துண்டின் மேல் வைத்தால் பாதி இரைச்சல் குறையும். மிச்சத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் குறைக்கலாம். அதிகம் குறைத்தால் அப்பத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

இணையத்தில் எடுத்த கேள்விப் பட்டியலை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். 'சிறுவயதில் உங்கள் கனவு என்ன?' என்று வாசித்தேன். "கனவா? தூங்கினாத்தானேடா கனவு வர" என்றார். எந்த வருடம் என்று கேட்டால் கோபமே வரும். அவர் பிறந்தது 1936 என்பதே ஒரு பழைய தாளைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் பெரிய அத்தை பிறந்ததைப் பற்றிக் கேட்டேன். "நூறு ரூவா நோட்டு செல்லாமப் போச்சுல்ல, அந்த மழைக்கு" என்றார். எனக்குச் சட்டென்று பிடி கிடைத்தது. 1964 மே மாதம் 50, 100 கியாட் (அப்பத்தாவுக்கு அது ரூவா) நோட்டுகளைச் செல்லாதென்றார்கள். 1985 நவம்பரில் 20, 50, 100. 1987 செப்டம்பரில் 25, 35, 75. கடைசித் தடவை மாற்றிக்கொள்ளவும் விடவில்லை. அரிசிப் பானைக்குள் சேர்த்த காசு மூன்று தடவை வெறும் தாளானவருக்கு வேறு காலண்டர் எதற்கு?

அன்றைக்கே ஒற்றைத் தாளில் ஒரு வரிசை எழுதினேன்: 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு, 1948 சுதந்திரம், 1964 கடைகளை அரசு எடுத்தது, மூன்று நோட்டுக் கதை, 2008 நர்கிஸ் புயல். அதற்கு அப்புறம் 'எப்போது' என்று கேட்கவே இல்லை. 'குண்டுக்கு முந்தியா பிந்தியா' என்றுதான் கேட்பேன், கொட்டும். அவருடைய அப்பா மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல் வேலை பார்த்தவர். குண்டு விழுந்த அன்று விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய சனத்தில் ஐந்து வயது அப்பத்தாவும் இருந்திருக்கிறார். ஊரே அரக்கான் மலை, அசாம் காடு என்று இந்தியாவுக்கு நடந்தபோது, கர்ப்பமாக இருந்த அப்பத்தாவின் அம்மாவால் நடக்க முடியாமல் இவர்கள் பெகு பக்கம் வயலுக்குப் போனார்கள். நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கு அதுதான் காரணம். இதை எங்கள் அப்பாவே அந்தப் பதிவில்தான் முதன்முதலாகக் கேட்டார்.

குரல் தட்டச்சுக்கு அப்பத்தாவின் தமிழ் ஆகவில்லை. பாதி பர்மியச் சொல். சந்தையை அவர் 'ஜே' என்பார். "ஜேக்குப் போனேன்" என்றது "ஜெயிக்கப் போனேன்" என்று விழுந்தது. (தப்பும் இல்லை.) ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நானே திருத்தமாகத் திரும்பச் சொன்னால் ஓரளவு வருகிறது. ஒரு மணி நேரப் பதிவைக் கையால் தட்ட ஏழு மணி நேரம் ஆனது. இப்படிச் செய்தால் மூன்று. முதல் அத்தியாயத்தை நல்ல தமிழாக மாற்றிப் படித்துக் காட்டினேன். "இது யாரு பேசுறது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் பழையபடி அவர் பேச்சுக்கே மாற்றினேன்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும், இதில் வெளியே போகக்கூடாதது எது என்று கேட்டுவிடுங்கள். பதினான்காம் பதிவில் கால் மணி நேரம் அப்படி இருக்கிறது. அது புத்தகத்திலும் இல்லை, வைபரிலும் இல்லை. அதை அழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுத்தது என் தப்பு. அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பெல்லாம் தனியாக ஓடி, மிச்சம் கட்டம் கட்டமாக நின்றது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுங்கள், ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்த்த பிறகு மற்றதைச் சொல்லுங்கள். இன்னொன்று: எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிப்பது பர்மியம்தான். அத்தை மகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். பழைய போனில் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியிருந்தாள். நாடு 2019 அக்டோபரிலேயே யூனிகோடுக்கு மாறியாகிவிட்டது. மாற்றியில் போட்டு எடுத்தும் ஊர்ப் பெயர்கள் சில உடைந்தன, வரி வரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு மொழியும் சேர்த்து 96 பக்கம், 30 பிரதி, வீட்டுக்கு மட்டும்.

கோயில் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர் அப்பத்தா. எழுத்துக்கூட்டி நான்கு நாள் வாசித்தார். ஐந்தாம் நாள் 41ஆம் பக்கத்தில் விரலை வைத்தார். "கப்பல் ஏறினது அண்ணன் இல்லடா, தம்பி." பேனா எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன், இருபத்தெட்டுப் பிரதிகளில். மற்ற இரண்டும் அதற்குள் சென்னைக்குப் போய்விட்டன, அந்தத் தம்பியின் வீட்டுக்கு.