சிபிஎல் முடித்தாயிற்று: கிங் ஏரா, சிஜேவா, ஹாக்கரா, லெகசியா?

குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்து வரும் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் கேள்வி இது. ஏர்லைன் ஆள் எடுக்கும்வரை பொறுப்பதா, கடன் வாங்கியாவது தலைப்பில் உள்ளவை போன்ற ஒரு பிசினஸ் விமானத்தின் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) எடுத்துவிடுவதா? எடுப்பதென்று முடிவாகிவிட்டால், விமானத்தின் வேகத்தையும் தோற்றத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு விஷயத்தை முதலில் பாருங்கள்: சான்றிதழ்படி அதை ஓட்டக் குறைந்தது எத்தனை விமானிகள் வேண்டும்?

இது ஏன் முக்கியம் என்றால், சிபிஎல்லுக்கு 200 மணி, அதற்கு மேலான ஏர்லைன் கேப்டன் உரிமமான ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி பறந்திருக்க வேண்டும், இடைவெளி 1,300. சர்வதேச சிவில் விமான அமைப்பின் முதல் இணைப்பு விதிப்படி, இரு விமானிகள் தேவை என்று சான்று பெற்ற விமானத்தில் கோ-பைலட்டாகப் பறந்த நேரம் உயர் உரிமத்துக்கு முழுதாகச் சேரும். ஒருவரே ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானத்தில் அந்நாட்டு விமான ஆணையம் சொன்னதால் இரண்டாவது ஆள் உட்கார்ந்தால், பாதி நேரம்வரைதான் சேரும். இரு விமானிகள் குழுவாக வேலையைப் பகிர்ந்து ஓட்டும் முறையில் இயங்கும் விமானத்துக்கு முழுதாகத் தர அந்நாட்டு ஆணையம் அனுமதிக்கலாம், ஆனால் அது அதன் முடிவு. பாதிதான் என்றால் 1,300 மணிக்கு 2,600 மணி பறக்க வேண்டும். சார்ட்டரில் (வாடகை விமானச் சேவையில்) மணி ஏறுவது ஏர்லைனைவிட மெதுவு என்பதால் இது பல வருட வித்தியாசம்.

இந்த அளவுகோலில் கிங் ஏர் பி200ம், செஸ்னாவின் சின்ன ஜெட்டான சிஜே2ம் ஒரே பக்கம் விழுகின்றன. இரண்டுமே ஒரு விமானி சான்று பெற்றவை. பி200இன் அதிகபட்ச எடை 5,670 கிலோ. அது ஜெட் அல்ல, டர்போபிராப் (டர்பைன் என்ஜினால் ப்ரொப்பெல்லர் சுழலும் விமானம்). மாநில அரசுகளிடமும் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனங்களிடமும் இருப்பதால் இந்தியாவில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இதற்கு உண்டு. சிஜே வரிசைக்கு வேறொரு நன்மை: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிஜே1 முதல் சிஜே4 வரை ஒரே ரேட்டிங், மாடல் மாறும்போது வித்தியாசப் பயிற்சி மட்டும் போதும். மணிக்கணக்கு பற்றி நிறுவனத்திடமும் இந்திய விமான ஆணையமான டிஜிசிஏவிடமும் எழுத்தில் கேட்டு வாங்காமல் இந்த இரண்டில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

சிஜே சின்ன ஜெட், எந்த ஊரிலும் இறங்கும் என்ற நினைப்பும் தப்பு. வேலூர் அப்துல்லாபுரம் ஓடுபாதை சுமார் 850 மீட்டர். சிஜே2 பிளஸ் முழு எடையில், கடல் மட்டத்தில், மிதமான வெப்பத்திலேயே 1,000 மீட்டருக்கு மேல் கேட்கும். நம்ம ஊர் மே மாத வெயிலில் காற்று லேசாகி இன்னும் நீளம் கேட்கும். வணிகப் பறப்பில் ஜெட் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால், இறங்கி நிற்க மிஞ்சுவது 510 மீட்டர். சின்ன ஓடுபாதைக்கு ஏற்ற டர்போபிராப்பின் தேவை ஏன் குறையவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

அடுத்த படியில் ஹாக்கர் 800எக்ஸ்பி, சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ். இரண்டும் இருவர் ஓட்டும் விமானங்கள், மணி முழுதாகச் சேரும். ஹாக்கர் 1962இல் முதலில் பறந்த டிஎச்125இன் வாரிசு; 12,700 கிலோ. தயாரிப்பு நின்றுவிட்டதால் இனி எண்ணிக்கை குறையத்தான் செய்யும். இன்று வேலை கையில் இருந்தால் எடுக்கலாம், பத்து வருடத் திட்டத்துக்கு எக்ஸ்எல்எஸ்ஸே மேல்.

என் தேர்வு லெகசி 600. காரணம் ரேட்டிங்கின் குடும்பம். ஈஆர்ஜே-135 உடலில் செய்யப்பட்டது, ரேட்டிங் எம்பிரேயர் 145 வகையோடு ஒன்று. எம்பிரேயர் 145 வைத்து ஓட்டும் ஸ்டார் ஏர் போன்ற பிராந்திய ஏர்லைனுக்கும் அதே ரேட்டிங் பேசும். சேலஞ்சர் 605 என்ற பிசினஸ் ஜெட்டின் என்ஜின் சிஎஃப்34, சிஆர்ஜே என்ற பிராந்திய ஏர்லைன் விமானத்திலும் இருக்கிறது, ஆனால் ரேட்டிங் தனித்தனி; என்ஜின் ஒன்று என்பதால் வேலை மாறிவிட முடியாது. சேலஞ்சரும் ஃபால்கன் 2000மும் புது ஆளுக்கு எட்டாத இடம், அனுபவம் சேர்ந்தபின் யோசியுங்கள்.

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் பி-8ஐ கண்காணிப்பு விமானம் ஓட்டியவர்களுக்கு இந்தப் பட்டியலே வேண்டாம். அந்த விமானம் போயிங் 737-800 அடிப்படையில் ஆனது. 737, அதன் வழி பிபிஜே (737இன் பிசினஸ் ஜெட் வடிவம்) என்று போவதுதான் அவர்களுக்கு நேர்வழி.

பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டிஜிசிஏவின் விமானம் சார்ந்த டெக்னிக்கல் தேர்வில் 70 சதவீதம் வேண்டும். வெளிநாட்டு சிமுலேட்டர் டிஜிசிஏ ஏற்றதா என்று பாருங்கள். அமெரிக்காவில் என்றால் விசாவோடு அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அனுமதியும் வேண்டும். அது வராமல் வகுப்புத் தேதி தள்ளிப்போவது சாதாரணம். முதல் ஜெட் ரேட்டிங்குக்கு சிமுலேட்டர் போதாது, நிஜ விமானத்தில் டேக்-ஆஃப், லேண்டிங்கும் தேவைப்படும். விமானம் தர ஒரு நிறுவனம் இல்லையென்றால் சிமுலேட்டர் முடித்த சான்று கையில் இருந்தும் உரிமத்தில் ரேட்டிங் ஏறாமல் நின்றுவிடும்.

ஆகவே நிறுவனத்தின் கடிதத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எந்த விமானத்தில் லேண்டிங், கோ-பைலட் மணிக்கான கணக்கு, ஆறு மாதத்துக்கொருமுறை வரும் சிமுலேட்டர் சோதனைக்குச் செலவு யாருடையது, பாண்டு (வேலையை விட்டுப் போகாமல் இருக்க வேண்டிய காலம்) எத்தனை மாதம்.