பிள்ளைச் சட்டை பின்ன அக்ரிலிக்கா, பருத்தியா?

மப்ளரும் சதுரத் துண்டும் பின்னிச் சலித்தவர்களுக்கு அடுத்த படி கைக்குழந்தைத் துணிதான். உருப்படி சின்னது, சீக்கிரம் முடியும், பிசகினால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க மனம் வலிக்காது. ஒரே சட்டைக்குள் கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையம்) கூட்டுவது, குறைப்பது, கழுத்தோரத்தில் புதிதாகக் கண்ணி எடுப்பது, பட்டன் ஓட்டை வைப்பது எல்லாம் வந்துவிடும். எந்த நூலில் பின்னுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. காரைக்குடியில் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) முழுகாமல் இருந்தபோது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. பருத்தி நூலை எடுத்தேன். இனி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அக்ரிலிக் என்ற செயற்கை நூலின் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் 'பேபி உல்லன்' என்று மிட்டாய் நிறங்களில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி இதுதான். விலை குறைவு, தொட்டால் மெத்தென்று இருக்கும். நூலில் இழுவை (இழுத்தால் நீண்டு மீளும் தன்மை) இருப்பதால் கையும் நோகாது. நூலே எடை குறைவு என்பதால் அதே ஐம்பது கிராமில் பருத்தியைவிட நீளம் கூடுதலாகக் கிடைக்கும். (பருத்தி வாங்கும்போது கிராமைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்து வாங்குங்கள். பாதிச் சட்டையில் நூல் தீர்ந்து, அதே சாயத்தில் இன்னொரு உருண்டை தேடி அலைவது பெரிய பாடு.)

ஆனால் அந்த மெத்துமெத்துப்பேதான் கற்றுக்கொள்ள வந்தவருக்குக் குந்தகம். அக்ரிலிக்கின் பஞ்சுப் புசுபுசுப்பு கண்ணிகளின் ஏற்றத்தாழ்வை மூடிவிடும். பருத்தி எதையும் மூடாது. நம்மில் பலருக்கு நிட் (முன்பக்கக் கண்ணி) வரிசையைவிட பர்ல் (பின்பக்கக் கண்ணி) வரிசையில் கை கொஞ்சம் தளரும். பருத்தியில் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னிய ஸ்டாக்கிங் பின்னலைத் திருப்பிப் பார்த்தால், ஒரு வரிசை நெருக்கம், ஒரு வரிசை விலகல் என்று கோடுகோடாகத் தெரியும். எங்கே தளர்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கையைத் திருத்த முடியும். பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு சின்ன ஊசியை மாற்றிக்கொள்வது எளிய வழி.

சரி, இதெல்லாம் பின்னும்போது உள்ள கதை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது துவைப்பு. மப்ளரை எப்போதாவது ஒருநாள் அலசுவோம். பிள்ளைச் சட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. பால் கக்கும், நனைத்துக்கொள்ளும், எண்ணெய்க் குளியல் அன்று கழுத்தோரம் எல்லாம் எண்ணெய். வீட்டில் ஒரு ஆச்சி இருந்தால் போதும், பிள்ளைத் துணி என்றாலே வெந்நீரில் போட்டு அலசினால்தான் அவர்களுக்கு நிம்மதி. 'இதைக் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக...' என்று எழுதிக் கொடுத்தாலும் நடக்காது. பருத்தி அந்த வெந்நீரைத் தாங்கும். அக்ரிலிக் கொதிக்கும் தண்ணீரில் இளகி வடிவம் இழக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் தட்டையாகித் துவண்டுவிடும், அது மறுபடி எழவே எழாது. நாளாக நாளாக அக்குளிலும் வயிற்றுப் பக்கத்திலும் சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டு நிற்பதும் அதற்கே உரிய குணம்.

துவைப்பு நம் கைவேலைக்கும் பரீட்சைதான். பருத்தி நூல் வழுக்கும். வால்நூலை (பின்னி முடித்தபின் மிஞ்சும் நுனியை) ஒரே திசையில் செருகிவிட்டு வெட்டினால் சில அலசலில் வெளியே எட்டிப்பார்க்கும். பதினைந்து சென்டிமீட்டராவது விட்டு, ஒரு பக்கம் செருகி, திரும்பி எதிர்ப்பக்கமும் செருக வேண்டும். முடிச்சுப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் அந்த முடிச்சு பிள்ளையின் முதுகில் உறுத்தும். உள்பக்கம் நீளமாக நூல் ஓடினால் குட்டி விரல் அதில் மாட்டிக்கொள்ளும். கண்ணிக்குக் கண்ணி கோத்து இணைக்கும் தட்டைத் தையல் பழகிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மாதிரித் துண்டு பின்னச் சோம்பல்படுபவர்களையும் பருத்தி வழிக்குக் கொண்டுவரும். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். பிறகு சட்டையை எப்படித் துவைப்பார்களோ அப்படியே அதைத் துவைத்துக் காயவைத்து மறுபடி எண்ணுங்கள். துவைக்கும் முன் 22 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 48 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 106 கண்ணி ஏற்றுவீர்கள். துவைத்த பின் அதுவே 24 ஆகியிருந்தால், அந்த 106 கண்ணி 44 சென்டிமீட்டர்தான் வரும். நாலு சென்டிமீட்டர் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்குச் சட்டை நுழையுமா நுழையாதா என்பதே அதுதான். அகலத்தோடு உயரத்தையும் அளந்துவிடுங்கள், பருத்தி பெரும்பாலும் நீளவாக்கில்தான் சுருங்கும்.

பருத்தியிலும் குறை உண்டு. அதற்கு இழுவை கிடையாது. மணிக்கட்டில் ரிப் (நிட்டும் பர்லும் மாறிமாறி வரும், இழுபடும் ஓரம்) வைத்தால் சீக்கிரமே தொளதொளவென்று ஆகிவிடும். ரிப்புக்கு இரண்டு அளவு சின்ன ஊசி எடுக்கலாம், அல்லது ரிப்பே இல்லாமல் எல்லா வரிசையும் நிட்டாகவே வரும் கார்ட்டர் பின்னலில் ஓரம் கட்டலாம். நனைந்தால் கனம் ஏறும், கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். துண்டில் சுருட்டித் தண்ணீரை ஒற்றி, வளவு நடையில் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய நடையில்) நிழலாகப் பார்த்துப் பரப்பிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. அந்த மாதங்களில் அக்ரிலிக் வைத்திருப்பவர்களைப் பார்த்து எனக்கே பொறாமை வரும்.

சாயத்தில் கவனம் தேவை. கண்டாங்கிச் சேலை மாதிரி அரக்கும் மஞ்சளும் வரிவரியாகப் பின்னிப் பார்க்க இந்த ஊரில் யாருக்கும் ஆசை வரும், அதுவும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் பேச்சே அதுதான். அரக்கு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால், வெந்நீரில் மஞ்சள் வரியெல்லாம் இளஞ்சிவப்பாகும். முதல் சட்டைக்கு வெள்ளையே உத்தமம்.

வெயில் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பருத்தி வேர்வையை உறிஞ்சும், அக்ரிலிக் உறிஞ்சாது. பக்கத்து வீட்டில் புத்தம்புது உல்லன் சட்டையைப் போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில், "என்னாத்தா, பிள்ளைக்கு இப்படி வேர்க்குது, கழட்டிவிடு" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டவள் நான். குளிப்பாட்டிய பின் சாம்பிராணி காட்டும் பழக்கத்தையும் யோசியுங்கள். தணலுக்கு அருகே எந்தத் துணியும் ஆபத்துதான். ஆனால் அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி பற்றி அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை. வெளியூர்ப் பிள்ளைக்குக் குல்லா பின்னியதோடு சரி. கையில் ஓடும் சுகம் வேறெதிலும் இல்லை என்பது உண்மை. சாதாரணக் கம்பளி வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துக் கம்பளம் போலாகும், அதைத் தவிர்க்கவே சூப்பர்வாஷ் என்று பதப்படுத்தி விற்கிறார்கள். அதை நம்மூர்த் துவைப்பில் நெடுநாள் விட்டுப் பார்த்ததில்லை. பெங்களூரு, ஊட்டி என்று குளிர் ஊருக்கு அனுப்புவதானால் என் பருத்திச் சிபாரிசைக் கேட்க வேண்டாம். மெரினோவோ, காசு இறுக்கம் என்றால் அக்ரிலிக்கோ எடுங்கள். எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டும் கூடவே வையுங்கள்.

முதல் பருத்திச் சட்டைக்கு என் யோசனை: 4 ப்ளை நூல் (மெல்லிய ரகம்), 10-ஆம் எண் ஊசி, அதாவது 3.25 மில்லிமீட்டர். கையில்லாத சட்டை. பிறந்த பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர், மார்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஆகவே கழுத்தை ஒடுக்காமல் ஒரு தோளில் திறப்பு விட்டுப் பட்டன் வையுங்கள். நாடா வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அளவை ஆறு மாதத்துக்கு வையுங்கள், ஆனால் அந்த ஆறாவது மாதம் எப்போது வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆனியில் பிறக்கும் பிள்ளைக்கு அது மார்கழி, முழுக்கைச் சட்டையே பின்னலாம். மார்கழியில் பிறந்தால் ஆனியில் முழுக்கை எதற்கு?