தனிக் கட்டுரையைக் காசு கொடுத்து வாங்கலாமா? ஒரு டெல்டா வாசகனின் சில ஆண்டு அனுபவம்

பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்களின் தளத்தில் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் வாங்கப் போனால், பெரும்பாலும் 30 டாலரிலிருந்து 50 டாலர் வரை கேட்கிறார்கள். நாற்பது டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்நியச் செலாவணிக்காக வங்கி பிடித்துக்கொள்வதையும் சேர்த்தால் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. எங்கள் பக்கம் எந்தத் தொகையும் நெல்லாக மாறித்தான் மனதில் ஏறும். 2025-26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய். அப்படியென்றால் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றுக்கு மூன்றரைச் சிப்பம்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் எழுத்து. சோழர் காலக் கல்வெட்டு, பாசன வரலாறு, நெல் ரகம் என்று படிப்பதில் ஆர்வம் உண்டு. எந்தக் கல்லூரியிலும் வேலை இல்லை, அதனால் எந்த நூலகத்தின் கடவுச்சொல்லும் இல்லை. தேவையான கட்டுரையைச் சொந்தக் காசில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், வாடகைக்கு எடுத்திருக்கிறேன், எழுதிக் கேட்டும் பெற்றிருக்கிறேன். இதே மாதிரி படிக்கிற நாலைந்து பேர் திருவாரூர், கும்பகோணம் பக்கம் இருக்கிறார்கள். அடிக்கடி இதைப் பேசுவோம். அவர்கள் சொன்னதும் இதில் வரும்.

வாங்குவதென்று முடிவு செய்தாலும் பணம் கட்டுவது லேசான வேலை இல்லை. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புது அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும். வங்கியின் செயலிக்குள் போய் நாமே திறக்க வேண்டும். நான் பார்த்த ஆய்விதழ்த் தளங்கள் எதிலும் யுபிஐ கிடையாது. சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கூடக் கேட்காமல் பணத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் வாங்கி முடித்த கையோடு அந்த வசதியைத் திரும்ப மூடிவிடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முறை பழகிவிட்டால் அப்புறம் தொந்தரவு இருக்காது.

வாடகை முறைதான் எனக்குப் பெரிய கடுப்பு. முழு விலையில் சிறு பங்கைக் கொடுத்தால் 48 மணி நேரம் திரையில் படிக்கலாம். தரவிறக்கவோ அச்செடுக்கவோ முடியாது என்பது ஒரு தளத்தின் ஏற்பாடு. நான் எடுத்த நேரம் வடகிழக்குப் பருவமழை. அன்றிரவே மின்சாரம் போனது, மறுநாள் காலையில் செல்போன் டவரும் படுத்துவிட்டது. இரண்டும் திரும்பி வந்தபோது என் 48 மணி நேரம் தீர்ந்திருந்தது. எழுதிக் கேட்டதற்கு, ‘உங்கள் அனுமதிக் காலம் முடிந்துவிட்டது’ என்று ஒரே வரியில் பதில். அங்கே உட்கார்ந்து நேரம் குறித்தவருக்கு ஐப்பசி அடைமழையில் டெல்டா எப்படி இருக்கும் என்று தெரிய நியாயமில்லைதான். ஆனாலும் கடிகாரத்தை நான் முதல் பக்கத்தைத் திறக்கும்போது ஓடவிட்டால் போதாதா? பணம் கட்டிய நொடியிலிருந்தே ஏன் ஓட வேண்டும்?

திருவாரூரில் வேளாண் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். மண்ணில் உப்பேறுவது பற்றிய கட்டுரை என்று நினைத்து முழு விலை கொடுத்து ஒன்றை வாங்கினார். திறந்தால் அதே தலைப்பில் வந்த புத்தகத்துக்கு யாரோ எழுதிய மதிப்புரை. இரண்டே பக்கம். “சார், இந்தக் காசுக்கு அந்தப் புத்தகத்தையே வாங்கியிருக்கலாம் போல” என்றார். பல தளங்களில் இரண்டு பக்க மதிப்புரைக்கும் முப்பது பக்க ஆய்வுக்கும் ஒரே விலைதான். தரவிறக்கியாகிவிட்டதால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். வாங்குமுன் பக்க எண்ணைப் பாருங்கள் என்பதை அவர் இப்போது எல்லோரிடமும் சொல்கிறார். நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: கட்டுரை பூட்டியிருந்தாலும் மேற்கோள் பட்டியலைப் பல தளங்கள் திறந்தே வைத்திருக்கின்றன. அதைப் படித்தாலே இது நமக்கு ஆகுமா ஆகாதா என்பது பாதி தெரிந்துவிடும்.

இவ்வளவு கொடுக்கிறோமே, எழுதியவருக்கு எவ்வளவு போகும்? ஆய்விதழ்களில் கட்டுரை எழுதியவருக்கு அந்த விற்பனையில் பங்கு வருவதில்லை. சரிபார்த்துக் கொடுக்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் சும்மாதான் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு கூச்சம் விட்டுப்போனது. கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான மின்னஞ்சல் இருக்கும். நான் இன்னார், இன்ன ஊர், இதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதினால் பெரும்பாலும் பதில் வருகிறது. தம் பிரதியைத் தனிப்பட்ட முறையில் அனுப்பிவைக்க ஆசிரியருக்குப் பதிப்பகங்கள் பொதுவாக இடம் கொடுக்கின்றன. வெண்ணாற்றுப் பாசனம் பற்றி எழுதிய ஒருவரிடம் ஒரு கட்டுரை கேட்டேன். அதோடு தொடர்புள்ள வேறு கட்டுரைகளையும் சேர்த்து அனுப்பிவிட்டு, பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறதா என்று அவர் என்னைக் கேட்டார். போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். வாங்கு என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தப் பழக்கம் கிடைத்திருக்காது.

எழுதிக் கேட்க ஆளே இல்லாத கட்டுரைகளும் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1966இல் ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ’ இதழில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டும் திருச்சிப் பக்கம், காவிரிக் கரையூர்கள். பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆள் பேரில் இருந்தது, அல்லூரில் ஊராருக்குப் பொதுவாக இருந்தது என்று கல்வெட்டுகளை வைத்துக் காட்டிய கட்டுரை. சோழர் கால நிலவுடைமை பற்றி யார் எழுதினாலும் இதைத் தொடாமல் போக மாட்டார்கள். அவர் 2015இல் காலமாகிவிட்டார். காசு கட்டத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அது 1984இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய தொகுப்பு நூலில் இருப்பது தெரிந்தது. தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் அந்த நூல் இருந்தது. பஸ் காசோடு முடிந்தது. பழைய வரலாற்றுக் கட்டுரை என்றால் எழுதியவர் அதைப் பின்னாளில் புத்தகத்தில் சேர்த்தாரா என்று முதலில் பாருங்கள். பாதிக்குப் பாதி சேர்த்திருப்பார்கள்.

வேளாண்மைக் கட்டுரை தேடுகிறவர்களுக்கு நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. சம்பா பயிர் நீரில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்குகிற சிஆர் 1009 சப்1 ரகம் எங்கள் பக்கம் பேச்சில் அடிபட்டபோது, அதற்குக் காரணமான சப்1ஏ மரபணு பற்றி 2006இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையைத் தேடினேன். அது பூட்டியிருந்தது. ஆனால் அதே விஷயத்தை விரித்துச் சொல்லும் 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று ‘அனல்ஸ் ஆஃப் பாட்டனி’ இதழில் வந்தது. அது பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விவசாயிக்கு வேண்டியது இதில்தான் அதிகம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்விதழ்களும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளம். கணினியில் தேடுகிறவர்கள் உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். 2017இலிருந்து இருக்கிறது. பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படி திறந்த பிரதி வேறு எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டுப் படம் காட்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சைஹப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஒளிக்கிற மாதிரி இருக்கும். பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது, கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் தொடங்கியது. எங்கள் வட்டத்தில் அதைத் தொடாதவர் குறைவு. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதே காலத்தில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் வந்தது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் மத்திய அரசின் ஆய்வு நிலையங்களிலும் இருப்பவர்களுக்கு. வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அதில் வழியில்லை. அரசுக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் கேட்டால் எடுத்துக் கொடுப்பான்தான். பிள்ளையை அந்த வம்பில் இழுத்துவிட எனக்கு மனசில்லை.

பத்திரிகைக் கட்டுரை விஷயம் வேறு. அங்கே நாம் கொடுக்கும் காசில் ஏதோ ஒரு பங்கு எழுதியவருக்குச் சம்பளமாகவோ சன்மானமாகவோ போகிறது. அதனால் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கொடுக்கத்தான் வழி இல்லை. தமிழ் இதழ்களில் சந்தா கட்டலாம், மேக்ஸ்டர் மாதிரி இணைய இதழ்க் கடைகளில் முழு இதழை வாங்கலாம். கட்டுரை ஒன்றைத் தனியாக, பத்து ரூபாய்க்கு, யுபிஐயில் வாங்க நான் தேடிய வரை எங்கும் அமையவில்லை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் கடையில் இதழைப் புரட்டி, அந்தக் கட்டுரை தேறுமா என்று பார்த்துவிட்டு வாங்குவோமே, இணையத்தில் அந்தப் புரட்டலுக்குத் தருவது இரண்டு பத்தி. அதற்குள் கட்டுரை தொடங்கியிருக்கவே செய்யாது.

இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. நெதர்லாந்தில் 2014இல் பிளெண்டில் என்ற நிறுவனம் பல பத்திரிகைகளின் கட்டுரைகளை ஒரே இடத்தில், ஒவ்வொன்றாக, சில்லறைக் காசுக்கு விற்றது. படித்துப் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்கும்போதே ஆசையாக இருக்கிறது. 2019இல் அவர்களே தனி விற்பனையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறிவிட்டார்கள். மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். “பத்து ரூபாய்னா யோசிக்காம கொடுப்பேண்ணே. ஆனா கொடுக்கலாமா வேணாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும் பாருங்க, அதுதான் அலுப்பு. அந்த அலுப்புக்கே மூடிட்டுப் போயிடுவேன்” என்றார். தனிக் கட்டுரை விற்பனை ஏன் எடுபடவில்லை என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கும்பகோணத்தில் இருக்கும் தமிழ் டீச்சர் ஒருவர் இதற்கு நேரெதிர். அந்தக் காலத்தில் வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர். அலமாரி நிறைய இன்னும் இருக்கிறது. விலை அவருக்குப் பெரிதில்லை. “காசு கொடுத்தா அது என் வீட்டுல இருக்கணும். அவங்க கடையை மூடினா என் புத்தகமும் சேர்ந்து போயிடும்னா அது என்ன வாங்குறது?” என்கிறார். சந்தா முடிந்ததும் பழைய இதழ்கள் பூட்டிக்கொண்டதை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் வாதாடவில்லை. அவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டிக் கொடுத்தேன். பழைய தமிழ் இதழ்கள் நிறைய அங்கே இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இப்போது அவர்தான் எனக்கு அங்கிருந்து சுட்டி அனுப்புகிறார்.

இத்தனைக்கும் பிறகு நான் இன்னும் காசு கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. பல ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் பேர் பதிந்துகொண்டால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். கொரோனாவுக்கு முன்னால் இது ஆறுதான். 2020இல் நூறாக்கியதை அப்படியே வைத்திருக்கிறார்கள். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யின் பழைய இதழ்கள் உள்பட நான் தேடும் வரலாறு, சமூகவியல் இதழ்கள் பலவும் அங்கே உண்டு. கடைசிச் சில ஆண்டுகளின் இதழ்கள் மட்டும் பெரும்பாலும் இருக்காது. எனக்கு அது தடை இல்லை, என் தேடலெல்லாம் பழையதுதான். தரவிறக்க மட்டும் காசு. அதற்கு ஜேபாஸ் என்று மாதக் கட்டணம், நான் கட்டியபோது 19.50 டாலர், பத்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். வேறு இடத்தில் ஒரு கட்டுரைக்குக் கேட்கும் பணத்தில் பாதிக்கு இங்கே பத்து. எடுத்த பிடிஎஃப் நம்மிடமே இருக்கும். மின்சாரம் போனாலும் போனில் படிக்கலாம்.

ஆண்டு முழுவதும் கட்ட வேண்டியதில்லை. திரையில் படித்து, உண்மையாகவே கையில் வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் நோட்டில் குறித்து வருகிறேன். சம்பா நடவு முடிந்து வயலில் வேலை குறைந்ததும் ஒரு மாதத்துக்குக் கட்டி, எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே இறக்கிவிடுவேன். அடுத்த மாதம் தானாகப் பணம் எடுக்காதபடி புதுப்பித்தலை உடனே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பொத்தான் கணக்கு அமைப்புகளுக்குள் இருக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த முறை திருவாரூர் நண்பரும் பாதிப் பணம் தருகிறேன், அஞ்சை எனக்கு விடுங்கள் என்றார். ஒருவர் பெயரில் எடுத்ததைப் பங்கு போட அதன் விதிகள் விடாது. நீங்களே தனியாகக் கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எதை எடுத்தாலும் பக்க எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பாராம்.